நாப்பது கலயம் தேனும் ஒரு பேனரும்

ஒரு காட்டுல, சிங்கம் ராஜாவா இருந்து இருந்து சலிச்சுப்போயி, "இனிமே நீங்களே பாத்துக்கங்கப்பா"ன்னு குகைக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் கமிட்டிதான். தண்ணி குடிக்க ஒரு கமிட்டி. குடிச்சவன் வரிசையில வந்துதான் குடிச்சானான்னு பாக்க இன்னொரு கமிட்டி. அந்தக் காட்டுலதான் நம்ம சடையாண்டி இருந்தான். சாதி கரடி. ஒடம்பு பூரா முடி. முடிக்குள்ள எங்கயோ ஒரு நல்ல மனசு, தேடித்தான் எடுக்கணும்.

சடையாண்டிக்கு வேலை என்னன்னா, பொண்டாட்டியோட அண்ணன் மொக்கராசுகிட்ட புத்து தோண்டுறது. காலையில ஒரு புத்து, சாயங்காலம் ஒரு புத்து. இவன் நகம் தேயத் தேயத் தோண்டுவான். ஓட்டை விழுந்ததும் மொக்கராசு வந்து, "தள்ளு மாப்ள"ன்னு சொல்லி மூக்கை உள்ள விட்டு ஒரே உறிஞ்சா உறிஞ்சுவான். கரையான் அத்தனையும் மச்சான் வயித்துக்குள்ள. இவன் வாய்க்குள்ள மண்ணு.

ஒரு நாள் மண்ணைத் துப்பிட்டு சடையாண்டி சொன்னான், "மச்சான், நான் கடை போடப்போறேன்."

மொக்கராசு மூக்கை வெளிய எடுத்தான். மூக்குல ரெண்டு கரையான் தொங்குது. "என்ன கடை?"

"தேன் கடை. மலை உச்சியில ஏறித் தேனெடுக்கிறதுக்கு என்னைய விட்டா இந்தக் காட்டுல யாரு இருக்கா?"

"எடுப்ப மாப்ள. விப்பியா? நாலு பேர்கிட்ட நிமிந்து பேசிருக்கியா நீ? ஒரு மாசத்துல திரும்பி வந்து நிப்ப. வந்தா சும்மா சேத்துக்க மாட்டேன். காலம் பூரா தோண்டணும், வாயத் தொறக்கக் கூடாது."

"சரி மச்சான். கடை ஓடலன்னா வந்து தோண்டுறேன். சாகுற வரைக்கும் வாயத் தொறக்கல."

பக்கத்துல பூவாயி நின்னுக்கிட்டிருந்தா. சடையாண்டி பொண்டாட்டி. அவ புருசன் மூஞ்சிய ஒரு தடவை பாத்தா. அதுலயே அவனுக்கு பாதி முடி கொட்டிருச்சு.

கடைன்னா தண்ணித்துறை ஓரத்துல நாவமரத்தடிதான் இடம். எல்லாரும் தண்ணி குடிக்க அங்கதான் வரணும். அந்த இடம் கமிட்டி கையில. கமிட்டித் தலைவி பெரியநாச்சி, ஆனை. சடையாண்டி யாரையோ பிடிச்சு மனு எழுதி வாங்கிக்கிட்டுப் போனான். கையெழுத்து போடத் தெரியாது, கைநாட்டு வெச்சான். கரடிக் கை இல்லையா, மனு பூரா கைநாட்டுதான் இருந்துச்சு. எழுத்து ஒண்ணு தெரியல.

பெரியநாச்சி மனுவத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "என்னடா இது, ராத்திரியப் படம் வரைஞ்சுட்டு வந்திருக்க?"

"கடை வேணும் ஆத்தா. தேன் கடை."

"எக்காளமும் இதே இடத்தைத்தான் கேட்டிருக்கான். எலும்புக் கடை வைக்கணுமாம்."

எக்காளம்னா கழுதைப்புலி. சொந்தப் பேரு அவனுக்கே மறந்துபோச்சு. எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறதால ஊரு வெச்ச பேரு எக்காளம். அவனும் அங்கதான் உக்காந்து பல்லைக் குத்திக்கிட்டிருந்தான்.

பெரியநாச்சி ரூல்ஸ் சொல்லுச்சு. "உன் குடும்பத்தை விட்டுட்டா, இந்தத் தண்ணித்துறையில தண்ணி குடிக்கிறது மொத்தம் நாப்பது குடும்பம். பொது இடத்துல கடைன்னா நாப்பது குடும்பத்துக்கும் அது ஒதவணும். அதனால வர்ற பௌர்ணமியில இருந்து அடுத்த பௌர்ணமிக்குள்ள நாப்பது கலயம் விக்கணும். குடும்பத்துக்கு ஒண்ணுதான். இல்லாட்டி நாப்பதையும் உன் மச்சான் வீட்டுல அடுக்கி வெச்சுட்டு வித்துட்டேம்பே. ஒரு கலயம் மிஞ்சுனாலும் இடம் எக்காளத்துக்கு."

சடையாண்டி வெரல விட்டு எண்ணிப் பாத்தான். "ஆத்தா, அந்த நாப்பதுல எக்காளம் குடும்பமும் ஒண்ணுதானே?"

"ஆமா. அவனும் தண்ணி குடிக்கிறான்ல?"

"அவன் ஏன் ஆத்தா என்கிட்ட வாங்குவான்? வாங்கலன்னா கடை அவனுக்குல்ல?"

பெரியநாச்சி காதை ரெண்டு ஆட்டு ஆட்டுச்சு. இதை யோசிக்கல போல. ஆனா கமிட்டி ஒரு தடவை சொல்லிட்டா சொன்னதுதான். "அது உன் சாமர்த்தியம்"னு சொல்லி எந்திரிச்சுப் போயிருச்சு. எக்காளம் சிரிச்சான். அவன் ஒண்ணுமே செய்ய வேண்டாம். ஒரு மாசம் தேன் வாங்காம இருந்தா போதும். கழுதைப்புலிக்கு அது ஒரு கஷ்டமா?

அந்த சமயத்துல ஆலமரத்துல ஒரு வகுப்பு நடந்துக்கிட்டிருந்துச்சு. 'புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கு வியாபாரப் பயிற்சி, இலவசம்.' நடத்துறது இசையரசி மேடம். குயில். கொரலு அப்படி இருக்கும். "கடையப் போடு"ன்னு அந்தம்மா சொன்னா, நீங்க வீட்டை வித்தாவது போட்டுருவீங்க. சடையாண்டி முன் வரிசையில போய் உக்காந்தான். பின்னாடி இருந்த எல்லாரும், "மறைக்குதுய்யா"ன்னு சொல்லவும் கடைசி வரிசைக்கு வந்தான்.

"முதல் பாடம்," இசையரசி மேடம் பாடுன மாதிரியே சொல்லுச்சு. "நீங்க என்ன விக்கிறீங்கன்னு பாக்குறவங்களுக்கு ஒரே பார்வையில தெரியணும். ரெண்டாவது பாடம். கொஞ்சம் இலவசமா ருசி காட்டணும். மூணாவது, கூவிக் கூவிச் சொல்லணும். நாலாவதுதான் முக்கியம். வாடிக்கையாளர் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கணும்."

சடையாண்டி வீட்டுக்கு வந்து நாலையும் பூவாயிகிட்ட ஒப்பிச்சான்.

"அந்தம்மா எந்தக் கடை வெச்சிருக்கு?" பூவாயி கேட்டா.

"கடை எல்லாம் இல்ல. சொல்லித் தருது."

"கூடாவது கட்டிருக்கா?"

"முட்டைய காக்கா கூட்டுல வெச்சிருமாம். அதுக்கு என்னமோ பேரு சொல்லுச்சு. அவுட்சோர்சிங்."

பூவாயி மூக்கைச் சொறிஞ்சா. "நம்ம காக்கா பாவம், அதுக்கு அந்தப் பேரு தெரியாம வளத்துக்கிட்டிருக்கு."

சடையாண்டி மலையேறுனான். செங்குத்துப் பாறை. தேனீ மூக்குல கொட்டும், உதட்டுல கொட்டும், முடி இல்லாத எடமாப் பாத்து கொட்டும். பௌர்ணமி வர்றதுக்குள்ள பன்னெண்டு நாளா எடுத்துச் சேத்தது நாப்பது கலயம். கலயம் குளவிங்ககிட்ட சொல்லி மண்ணுல செஞ்சது. தேன் எப்படித் தெரியுமா, வெயில்ல வெச்சா தங்கக் கம்பி மாதிரி எறங்கும். அவனுக்கு அதுல ஒரு பெருமை. யாராவது ஒருத்தன் நாக்குல வெச்சுட்டு, கண்ண மூடி, "யப்பா"ன்னு சொல்லணும். அவ்வளவுதான் அவன் ஆசை.

கடை ரெடி. இனி முதல் பாடம். என்ன விக்கிறோம்னு ஒரே பார்வையில தெரியணும். அதுக்கு பேனர் வேணும்.

பேனர் அடிக்கிறது கொப்புராசு. கருங்குரங்கு. முசுறு எறும்பு தேக்கிலைய சேத்துத் தச்சுக் கொடுக்கும், கொப்புராசு அதுல கரியும் காவிக்கல்லும் பச்சிலைச் சாறும் வெச்சு வரைவான். மூஞ்சி வரையிறதுல கெட்டிக்காரன். உங்க மூஞ்சிய வரைஞ்சா உங்களுக்கே உங்க மேல ஒரு மரியாதை வந்துரும்.

"என்ன எழுதணும்ணே?"

"'சுத்தமான மலைத்தேன் கிடைக்கும்.' பெருசா எழுது. வேற ஒண்ணும் வேணாம்."

கொப்புராசு அவனை ஒரு மாதிரி பாத்தான். "வேற ஒண்ணும் வேணாமா? உங்க படம்?"

"என் படம் எதுக்கு?"

"ஓனர் மூஞ்சி இல்லாம எவன்ணே பேனர் வைப்பான்? காட்டுல சிரிப்பாங்க."

சரி, ஓனர் மூஞ்சி. பக்கத்துல பூவாயி மூஞ்சி, இல்லாட்டி வீட்டுல சோறு இல்ல. மொக்கராசு மூஞ்சி இல்லன்னா பொறந்த வீட்டுல பூவாயி தலை காட்ட முடியாது. கமிட்டித் தலைவிய விட முடியுமா? ஆனை மூஞ்சி. அதுல பாதி பேனர் போச்சு. தலைவிய போட்டா துணைத்தலைவர் காட்டெருமைய போடணும். காட்டெருமைய போட்டுட்டு காட்டுப்பன்னிய விட்டா அவன் சும்மா இருப்பானா, சடையாண்டி கல்யாணத்துக்கு மொய்யா ஒரு வண்டி கெழங்கு வெச்சவன். அவனப் போட்டா முள்ளம்பன்னி, "நானும்தான் பன்னி"ன்னு வந்து நின்னான். "முள்ளம்பன்னிக்கு முள்ளு இருக்கு, எனக்கு ஒரு கூலிங்கிளாஸ் போட்டுரு"ன்னு முதலை சொல்லி அனுப்புச்சு. ஆமைக்கு ரெண்டு கையும் கூப்புன மாதிரி வேணுமாம். கழுகுக்கு செல்போனை காதுல வெச்சு சீரியஸா பேசுற மாதிரி வேணுமாம்.

ஒவ்வொரு மூஞ்சி வரும்போதும் எழுத்து ஓரமா ஒதுங்குச்சு. மொதல்ல 'சுத்தமான' போச்சு. அப்புறம் 'கிடைக்கும்' போச்சு. 'மலை' போச்சு. கடைசியில 'தேன்'னு ஒத்த வார்த்தை ஆனையோட காதுக்குப் பக்கத்துல ஒண்டிக்கிட்டு நின்னுச்சு. அப்ப மான் வந்து கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு நின்னதால அதுவும் போச்சு.

மொத்தம் முப்பத்தொம்போது குடும்பத்துக்கும் மூஞ்சி. எக்காளத்துக்கு மட்டும் இல்ல. "அவன் நமக்குப் போட்டி, அவன எதுக்கு"ன்னு சடையாண்டி சொல்லிட்டான்.

பேனர கட்டுனதும் பூவாயி கீழ நின்னு அண்ணாந்து பாத்தா. "யோவ், தேன்னு எங்க இருக்கு?"

"ஆத்தா காதுக்குப் பின்னால இருக்கு."

"தெரியலயே."

"பின்னால இருக்குன்னு சொல்றேன்ல."

சிரிக்காதீங்க. உங்க ஊருல கடை தொறந்தப்ப வெச்ச பேனர்ல எத்தனை மூஞ்சின்னு எண்ணிட்டு வந்து சிரிங்க.

தொறப்பு விழாவுக்குக் காடே வந்துச்சு. கூட்டம்னா கூட்டம், தண்ணித்துறையில தண்ணி தெரியல. சடையாண்டி கலயத்த எல்லாம் வரிசையா அடுக்கி வெச்சுட்டு, கைய கட்டிக்கிட்டு நிக்கிறான். ஒருத்தன் கண்ணும் கீழ எறங்கல. எல்லாரும் அண்ணாந்து அவங்கவங்க மூஞ்சியத் தேடுறாங்க.

"என் மூக்கு இவ்வளவு சப்பையாவா இருக்கு?" இது காட்டுப்பன்னி.

"இருக்கிறதைத்தான வரைவான்," முள்ளம்பன்னி.

மான் மெதுவா வந்து சடையாண்டிகிட்ட கேட்டுச்சு, "அண்ணே, இங்க யாருக்குக் கல்யாணம்?"

அவன் பதில் சொல்றதுக்குள்ள ஆமை வந்து சேந்துச்சு. கூட்டத்தைப் பாத்துச்சு, பேனரைப் பாத்துச்சு, தலைய உள்ள இழுத்துக்கிட்டு ரெண்டு நிமிசம் அஞ்சலி செலுத்துச்சு. அப்புறம் தலைய நீட்டி, "இதுல எது செத்தது?"ன்னு கேட்டுச்சு. மேல இருந்து கழுகு கொஞ்சம் ஆர்வமாவே, "ஆமா, எது?"ன்னு எறங்கி வந்துச்சு.

அன்னிக்கு ஒரு கலயம்கூடப் போகல.

ரெண்டாவது பாடம், இலவசமா ருசி காட்டணும். பூவரச எலையில ஒரு சொட்டு தேன் வெச்சு நீட்டுனான். அணில் வந்து நக்கிட்டு, "நல்லாருக்கே"ன்னு சொல்லிட்டுப் போச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொரு அணில் வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. பதினோராவது அணில் வந்தப்ப பூவாயி அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு, "காலையில இருந்து நீ ஒருத்திதான வர்ற?"ன்னா. அணில் கொஞ்சங்கூட வெக்கப்படாம, "முடிவு எடுக்க முடியலக்கா"ன்னு சொல்லுச்சு.

மூணாவது பாடம், கூவணும். கிளிய வெச்சுக் கூவுனான். "வாங்க வாங்க, நல்ல தேன், நயம் தேன்." கிளி மூணு நாள் கூவுச்சு. தண்ணித்துறையில எல்லாருக்கும் பழகிப்போயி, அது கூவுனாத்தான் தூக்கம் வருதுன்னு முதலை நன்றி சொல்லிட்டுப் போச்சு.

"உனக்கு ஒரு கலயம் எடுத்துக்கயேன்"னு சடையாண்டி கெஞ்சுனான்.

"எனக்கு இனிப்பு ஆகாது. வைத்தியர் சொல்லிட்டார்."

"எந்த வைத்தியர்?"

"இருந்தார். நல்ல மனுசன்"னு சொல்லிட்டு முதலை வாயத் தொடைச்சுக்கிச்சு.

இருபது நாள் ஓடிருச்சு. நாப்பது கலயமும் நாப்பதாவே இருக்கு. தினம் எக்காளம் வந்து கடைய காலால அளப்பான். "இங்க தொடை எலும்பு. இங்க விலா எலும்பு. நீ உக்காந்திருக்கிற எடத்துல கல்லா." சிரிச்சுக்கிட்டே போவான். போகும்போது பேனரை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போவான்.

சடையாண்டி ஒடைஞ்சு போனான். "என் தேன் நல்ல தேன் புள்ள," அவன் சொன்னான். "மூக்கு வீங்கி எடுத்த தேன். ஏன் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான்?"

பூவாயி பேனரையே பாத்துக்கிட்டிருந்தா. பேனருக்கு அடியில காட்டுப்பன்னி குடும்பத்தோட நிக்கிறான். "மூணாவது வரிசையில அப்பா. தெரியுதா? நல்லா பாருங்க"ன்னு குட்டிங்களுக்குக் காட்டுறான். நேத்தும் வந்தான். முந்தாநேத்தும் வந்தான். அவனுக்கு மூக்குக்கு நேரா நாப்பது கலயம் இருக்கு, இருபது நாளா அதை அவன் பாக்கவே இல்ல.

"யோவ்," பூவாயி சொன்னா. "அந்தக் குயில் நாலாவதா என்ன சொல்லுச்சு?"

"வாடிக்கையாளர் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கணும்."

"அது கண்டுபிடிக்கிற அளவுக்கு எல்லாம் ஆழத்துல இல்லய்யா. மேலயே மெதக்குது."

அவ ஒரு கலயத்த எடுத்துக்கிட்டு கொப்புராசுகிட்டப் போனா. கலயத்து மேல காட்டுப்பன்னி மூஞ்சிய வரையச் சொன்னா. "மூக்கு சப்பையா இருக்கக் கூடாது. கொஞ்சம் எடுப்பா இருக்கணும். அவனே பாத்ததில்ல, அப்படி வரை."

மறுநாள் காட்டுப்பன்னி வந்தான். அண்ணாந்து பேனரைப் பாத்துட்டு, தலைய எறக்குனான். எதுத்தாப்புல அவனே இருக்கான். எடுப்பான மூக்கோட.

"இது யாரு?" தன் மூக்கைத் தொட்டுப் பாத்துக்கிட்டே கேட்டான்.

"நீங்கதான்ணே," பூவாயி சொன்னா. "விக்கிறதுக்கு இல்ல. அழகா இருக்குன்னு சும்மா வெச்சிருக்கோம்."

"விக்கிறதுக்கு இல்லையா? என் மூஞ்சிய நீ எப்படி வெச்சுக்கலாம்? எடு."

விலைக்குக் கெழங்கு குவிச்சான். கலயத்தைத் தூக்குனான். சடையாண்டி பின்னாலயே ஓடி, "அண்ணே, அதைத் தெறந்து ஒரு வாய் ருசி பாத்துட்டு"ன்னு சொன்னான். காட்டுப்பன்னி அவனை மொறைச்சான். "தொறந்தா மூடி நகரும். நகந்தா என் நெத்தி அழியும். உனக்கு அறிவு இருக்கா?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள காட்டெருமை வந்துட்டான். "பன்னிக்குக் கலயம் இருக்கு, துணைத்தலைவர் எனக்கு இல்லையா?" மறுநாள் வரிசை. வரிசைய பாத்துக்க கமிட்டி. முள்ளம்பன்னி தன் முள்ளு ஒவ்வொண்ணையும் தனித்தனியா வரையச் சொல்லி கொப்புராச அழ வெச்சான். பெரியநாச்சிக்குக் கலயத்துல மூஞ்சி அடங்கல, தும்பிக்கைய பின்பக்கமா சுத்தி வரைஞ்சு கொடுத்தாங்க. ஆத்தாவுக்கு அதுல ரொம்ப சந்தோசம், கலயத்தை சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. கூலிங்கிளாஸ் போட்ட கலயத்துக்கு முதலை ராத்திரியே துண்டு போட்டு எடம் பிடிச்சிருந்துச்சு.

"இனிப்பு ஆகாதுன்னியே?" சடையாண்டி கேட்டான்.

"திங்கிறதுக்கு யாரு வாங்குறா?"

மொக்கராசும் வந்தான். மாப்ளய கையோட கூட்டிட்டுப் போகணும்னு வந்தவன், "என்ன மாப்ள, புத்து காஞ்சு கெடக்கு"ன்னு ஆரம்பிச்சான். அப்பத்தான் ஓரத்துல அவன் மூஞ்சி போட்ட கலயத்தைப் பாத்தான். பேச்சு நின்னுபோச்சு. அதை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு, யார் யார் பாக்குறாங்கன்னு பாத்துக்கிட்டே ஊர் சுத்திப் போனான். அதை வாங்கிட்டா மாப்ள தோண்ட வரமாட்டான்கிறது அவனுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு.

பௌர்ணமி காலையில எண்ணிப் பாத்தா முப்பத்தொம்போது போயிருச்சு. ஒரே ஒரு கலயம்.

"எக்காளம் ஒருத்தன்தான் பாக்கி," சடையாண்டி சொன்னான். "அவன் மூஞ்சியப் போட்டுப் பாப்பமா?"

"நேத்தே போட்டாச்சு." பூவாயி கலயத்தைத் திருப்பி வெச்சா. எக்காளம் பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டிருந்தான். கொப்புராசு கை வேலை இல்லையா, பாத்தா கூடச் சேந்து சிரிக்கணும்னு தோணும்.

"அவன் வாங்க மாட்டான் புள்ள. வாங்குனா அவன் கடையில்ல போயிரும்?"

"வாங்க வேணாம்யா. அது பாட்டுக்கு இங்கயே இருக்கட்டும். நீ அதைத் தொடாத."

சூரியன் உச்சிக்கு வரும்போது பெரியநாச்சி கமிட்டியோட வந்துச்சு. பின்னால காடு மொத்தமும். எக்காளம் முன்னாடியே வந்து முன்னங்கால மடிச்சு வசதியா உக்காந்திருந்தான். பக்கத்துல ஒரு பெரிய தொடை எலும்பு. கடை கைக்கு வந்ததும் முகப்புல வைக்கிறதுக்குப் பளபளன்னு நக்கிக் கொண்டுவந்திருந்தான்.

பெரியநாச்சி கடைப் பலகையப் பாத்துச்சு. வெறும் பலகை, நடுவுல ஒத்தக் கலயம்.

"ஒண்ணு மிஞ்சிருச்சே சடையாண்டி."

"ஆமா ஆத்தா." தொண்டையில புத்து மண்ணு ருசி வந்துருச்சு அவனுக்கு.

"எக்காளம், இது உன் மூஞ்சி. வாங்குறியா?"

"எனக்கு வேணாம் ஆத்தா. ரூல்ஸ்படி கடையக் கொடுங்க." சிரிச்சான்.

அப்ப பூவாயி முன்னால வந்து கைய கட்டிக்கிட்டு நின்னா. "ஆத்தா, ஒரே ஒரு ஒதவி. குடும்பத்துக்கு ஒண்ணுங்கிற ரூல்ஸ இந்த ஒரு கலயத்துக்குத் தளத்துங்க. வேற யாராவது வேணும்னா எடுத்துக்கட்டும். விலையே வேணாம், சும்மா கொடுக்கிறேன்."

வெயிலு சுள்ளுன்னு அடிச்சுச்சு. ஆத்தாவுக்குக் குளிக்கப் போகணும். "சரி, யாரு வேணாலும் எடுத்துக்கங்க, வித்த கணக்குல சேத்துக்கிறேன். ஒரு தரம்."

எக்காளத்துக்கு இப்பத்தான் சிரிப்பு கொஞ்சம் கொறைஞ்சுச்சு. யாராவது எடுத்துட்டா கடை போச்சு. சுத்திப் பாத்தான். சடையாண்டியும் பாத்தான். அத்தனை பேரு நிக்கிறாங்க, ஒருத்தன் கை நீட்டுனா போதும்.

ஒருத்தன் நீட்டல.

"அண்ணே, நீங்க எடுத்துக்கங்களேன்," சடையாண்டி காட்டுப்பன்னிகிட்ட கெஞ்சுனான். "என் கல்யாணத்துக்கு நீங்க வெச்ச மொய்ய மறக்க மாட்டேன்."

"எனக்கென்னப்பா, எடுத்துக்குவேன். அதைக் கொண்டுபோய் வீட்டுல வெச்சா புள்ளைங்க சோறு திங்காது."

"மானு, நீயாவது?"

"பயமா இருக்குண்ணே."

"சும்மா கொடுத்தாக்கூட எடுக்க மாட்டேங்கிறாங்களே," மொக்கராசு சொன்னான்.

"யாரு மூஞ்சி அது?" தூரத்துல இருந்து ஆமை கேட்டுச்சு.

"எக்காளத்துது."

"ஓ, அதான்."

அந்த 'அதான்' எக்காளம் காதுல போய் விழுந்துச்சு. கடை கைக்கு வரப்போகுது, சந்தோசப்படணும். ஆனா அவன் கண்ணு கலயத்துலயே நிக்குது. முப்பத்தொம்போது மூஞ்சி போட்டி போட்டுக்கிட்டு போயிருக்கு. ஆமை மூஞ்சி போயிருக்கு. கழுகுக்கு மொட்டைத் தலை, அதுவும் போயிருக்கு. இவன் மூஞ்சி மட்டும் வெயில்ல ஒத்தையில பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது.

"ரெண்டு தரம்," பெரியநாச்சி தும்பிக்கைய தூக்குச்சு.

"கலயத்த வேணா கொடுங்க, படத்தை அழிச்சுட்டு வெச்சுக்கிறேன்," அணில் சொல்லுச்சு. கூட்டம் சிரிச்சுச்சு. சிரிக்கிறதே தொழிலா இருந்த எக்காளத்துக்கு, அடுத்தவன் சிரிச்சா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

"மூணு த..."

"நிறுத்துங்க," எக்காளம் எந்திரிச்சுட்டான். "எவனும் என் மூஞ்சிய அழிக்க வேணாம். நான் எடுத்துக்கிறேன். சும்மாவும் வேணாம்." தொடை எலும்பைத் தூக்கிப் பலகை மேல வெச்சான். கலயத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம கூட்டத்தை விலக்கிட்டு நடந்து போனான்.

பலகை காலி. "கடை சடையாண்டிக்கு"ன்னு சொல்லிட்டு ஆத்தா தண்ணிக்குள்ள எறங்கிருச்சு.

எல்லாரும் போனதும் பூவாயி திரும்பிப் பாத்தா, சடையாண்டி வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான். "கடைதான் வந்துருச்சுல்ல, ஏன்யா இப்படி வேர்க்குது?"

"அந்தக் கலயத்துல தேன் இல்ல புள்ள."

"என்னது?"

"காலையில பயமா இருந்துச்சு. பயம் வந்தா எனக்கு வாய் சும்மா இருக்காது. நீ தொடாதன்னு சொன்ன, அதுக்கு முன்னாடியே நக்கி முடிச்சுட்டேன். வெறுங்கலயத்த தூக்கிட்டுப் போறான். இப்பத் தொறந்து பாப்பான், வந்து கொல்லப்போறான்."

அவன் சொல்லி முடிக்கல, எக்காளம் திரும்பி வந்துக்கிட்டிருந்தான். கையில அதே கலயம். மூஞ்சி உர்ருன்னு இருக்கு. நேரா வந்து பலகை மேல கலயத்தை வெச்சான். சடையாண்டி பூவாயிக்குப் பின்னால ஒளிஞ்சான். கரடி ஒளிஞ்சா எங்க ஒளியும், ரெண்டு பக்கமும் தெரியுது.

"இதுல ஒரு கொறை இருக்கு," எக்காளம் சொன்னான்.

"தெரியாம நடந்துருச்சுண்ணே, மன்னிச்சுருங்க."

"இடது காது சின்னதா இருக்கு. வலது காது அளவுக்கு இல்ல. அடுத்த கலயத்துல சரியாப் போடச் சொல்லு. கூலிங்கிளாஸும் வேணும், முதலைக்குப் போட்டதை விடப் பெருசா."

சடையாண்டி மெதுவா தலைய வெளிய நீட்டுனான். மனசு கேக்கல அவனுக்கு. "அண்ணே, தேன் எப்படி இருந்துச்சு?"

எக்காளம் நெத்தியச் சுருக்குனான்.

"எந்தத் தேன்?"

நீதி: நல்ல சரக்கு கையில இருந்தா நீயே நக்கித் தின்னுரு, கடையில வாங்க வர்றவன் மூஞ்சிய மட்டும் அடுக்கி வை, எதிரியா இருந்தாலும் வாங்குவான், காது பத்தலன்னு மறுபடியும் வருவான்.